டர்போவை மாற்றுவதற்கு முன்னால், டீச்சர்

கேள்வி: அண்ணா, வணக்கம். என்னிடம் 2013 மாடல் மாருதி எர்டிகா டீசல் இருக்கிறது. 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வத்தலக்குண்டுக்குள் பள்ளிக்கூடம், கடை என்று போய்வரும்போது ஒரு தொந்தரவும் இல்லை. அம்மா வீடு கொடைக்கானல் மலையில், பண்ணைக்காட்டில். அடிக்கடி மலையேறுவோம். போன மழைக்காலத்திலிருந்து, டம்டம் பாறை தாண்டியதும் ஏதாவது ஒரு வளைவுக்குப் பிறகு திடீரென்று பிக்கப் போய்விடுகிறது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு அமுக்கினாலும் இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் 2,500-க்கு மேல் ஏறுவதில்லை. ஓரங்கட்டி, சாவியை ஆஃப் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. வண்டி நிறைய ஆட்கள் இருந்தால் சீக்கிரம் வருகிறது. நான் தனியாகப் போகும்போது சில நாள் வருவதே இல்லை. இன்ஜின் லைட் சில சமயம் எரிகிறது, சில சமயம் எரிவதில்லை. டீசல் ஃபில்டர் மாற்றியாயிற்று, பலன் இல்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் டர்போ போய்விட்டது என்கிறார்கள். இன்னொரு இடத்தில் நாலு இன்ஜெக்டரும் போய்விட்டது என்கிறார்கள். இரண்டில் எதற்குமே கையில் காசில்லை. எதை மாற்றுவது? (ஆசிரியை, வத்தலக்குண்டு)

பதில்: வணக்கம் டீச்சர். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், இப்போதைக்கு இரண்டையும் மாற்றாதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் வேலையை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். உங்கள் வண்டியில் என்ன பழுது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. பழுது வரும் இடம் டம்டம் பாறைக்கு மேலே. அவர்கள் பார்த்தது ஒர்க்‌ஷாப் தரையில், ஆளில்லாமல், ஐடிலில் ஓடுகிற வண்டியை.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது சாவியைப் பற்றி நீங்கள் எழுதிய வரி. ஒரு பாகம் நிஜமாகவே தேய்ந்து முடிந்திருந்தால், சாவியைத் திருப்பிப் போட்டதும் அது சரியாகாது. அடைத்த ஃபில்டர் அடைத்தபடிதான் இருக்கும், உடைந்த டர்போ உடைந்தபடிதான் இருக்கும். சாவி ஆஃப் செய்ததும் முழு பலமும் திரும்பி வருகிறது என்றால், பலத்தை நிறுத்தியது இன்ஜினின் கம்ப்யூட்டர், அதாவது ஈசிஎம். ஏதோ ஓர் அளவு எல்லை மீறியதைப் பார்த்து, இன்ஜினைக் காப்பாற்ற டீசலைக் குறைத்துவிட்டு, மெதுவாக வீடு போய்ச் சேர் என்று விட்டுவிடுகிறது. இதைத்தான் லிம்ப் மோட் என்கிறோம். சாவியை ஆஃப் செய்து போட்டால் அது பழையதை விட்டுவிட்டு முதலிலிருந்து கணக்கெடுக்கும். அளவு மறுபடி எல்லை தாண்டும்வரை வண்டி நன்றாக ஓடும்.

உயரம் ஏறினால் காற்று மெலிவது உண்மைதான். 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அந்த இழப்பு மெல்ல மெல்ல வரும், சாவியைத் திருப்பினால் போகாது. ஆகவே மலைக் காற்றுதான் காரணம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

உங்கள் எர்டிகாவில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின். இதே இன்ஜின் ஸ்விஃப்ட், டிசையர், டாடா விஸ்டா, மான்சா என்று நம் ஊர்ச் சாலையில் பாதி டீசல் கார்களில் ஓடியது, அதனால் பாகத்துக்கும் பஞ்சமில்லை, கைதேர்ந்த ஆட்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ஸ்விஃப்ட்டில் வந்தது 75 பிஎஸ் பலமுள்ள இன்ஜின், அதன் டர்போ சாதாரண வகை. எர்டிகாவுக்குக் கொடுத்தது 90 பிஎஸ், 200 நியூட்டன் மீட்டர். அந்தக் கூடுதல் பலத்துக்காக இதில் விஜிடி டர்போ வைத்திருக்கிறார்கள். ஸ்விஃப்ட் அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு எர்டிகாவைப் பார்க்கும் மெக்கானிக் சறுக்குகிற இடம் இது.

சாதாரண டர்போவில் இன்ஜின் புகை வந்து சக்கரத்தைச் சுழற்றும், அந்தச் சுழற்சி காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும், அவ்வளவுதான். விஜிடியில் அந்தச் சக்கரத்தைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்னத் தகடுகள் நிற்கும். வேகம் குறைவாக இருக்கும்போது தகடுகள் நெருங்கி வழியைக் குறுக்கும், குறைந்த புகையே வேகமாகப் பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றும். ஆர்பிஎம் ஏறியதும் தகடுகள் விரிந்து வழிவிட வேண்டும். வெளியே ஒரு ராடு இந்தத் தகடுகளை அசைக்கிறது. அந்த ராடை இழுப்பது ஒரு டப்பா. அதற்குள் டயஃப்ராம் என்ற ரப்பர் சவ்வு. அந்த டப்பாவுக்கு, காற்றை உறிஞ்சி வேக்கம் (வெற்றிடம்) உண்டாக்கும் வேக்கம் பம்பிலிருந்து பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு ரப்பர் ஹோஸ் வருகிறது. நடுவில் மின்சாரத்தில் இயங்கும் ஒரு சொலினாய்டு வால்வு உட்கார்ந்து, ஈசிஎம் சொல்கிறபடி வேக்கத்தைக் கூட்டிக் குறைக்கிறது.

இப்போது உங்கள் வண்டியின் வாழ்க்கையை யோசித்துப் பாருங்கள். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம், கடை, மெதுவான வேகம், இன்ஜின் நன்றாகச் சூடாவதற்குள் வீடு. இப்படி ஓடும் விஜிடியில் தகடுகள் எப்போதும் குறுக்கிய நிலையிலேயே நின்று, அவற்றின் வேரில் கரி படியும். பிறகு ஒருநாள் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறீர்கள். தகடுகள் விரிய வேண்டிய நேரத்தில் கரியில் சிக்கி அப்படியே நிற்கின்றன. காற்றழுத்தம் தேவைக்கு மேல் ஏறுகிறது. ஈசிஎம் அதைப் பார்த்ததும் டப்பென்று வெட்டுகிறது. ஆள் அதிகமானால் சீக்கிரம் வருகிறது, ஊருக்குள் வருவதே இல்லை, திடீரென்று போகிறது, சாவியில் திரும்பி வருகிறது என்று நீங்கள் சொன்ன நான்குமே இதனோடு பொருந்துகின்றன. என் முதல் சந்தேகம் இதுதான்.

ஆனால் இது சந்தேகம் மட்டுமே. நிரூபிக்க ஒரே வழி, பழுது வரும் நிமிடத்தில் இரண்டு அளவுகளைப் பார்ப்பது. ஒன்று டர்போ காற்றின் அழுத்தம், மற்றொன்று டீசல் ரயிலின் அழுத்தம், அதாவது நாலு இன்ஜெக்டருக்கும் டீசலை அழுத்தத்தோடு தரும் பொதுக்குழாயின் அழுத்தம். ஈசிஎம் கேட்ட அளவு என்ன, கிடைத்த அளவு என்ன என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சண்டை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

அதற்கு முன்னால் கோடு, அதாவது பிசகைப் பார்க்கும்போது ஈசிஎம் பதிந்துவைக்கும் எரர் கோடு எண். இன்ஜின் லைட் ஒரு தடவையாவது எரிந்திருக்கிறதால் உள்ளே ஏதோ பதிவாகியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் கோடுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டதும் முதல் வேலையாக அவற்றை அழித்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம் இது. கோடோடு சேர்த்து, அது விழுந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, லோடு எவ்வளவு என்ற பதிவும் இருக்கும். அழித்தால் எல்லாம் போய்விடும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலும் போய்விடக்கூடும். அதனால் ஸ்கேனர் போடும்போது பக்கத்தில் நில்லுங்கள், திரையை உங்கள் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் அழிக்கட்டும்.

பி0234 என்று இருந்தால் டர்போ அழுத்தம் அளவுக்கு மீறியிருக்கிறது, நான் மேலே சொன்ன கதை. பி0299 என்றால் அழுத்தம் போதவில்லை, எங்கோ காற்று கசிகிறது அல்லது வேக்கம் வரவில்லை. பி0087 என்றால் ரயிலில் டீசல் அழுத்தம் குறைகிறது, அப்போதுதான் பம்ப், இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும். கோடு எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. எந்த அளவு பிசகியது என்று மட்டும்தான் சொல்லும். பி0299 வந்ததும் டர்போவையே மாற்று என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, ஸ்கேனரோடு மலையேற வேண்டும். மெக்கானிக் உங்களோடு வருவதற்கு ஒரு அரைநாள் கூலி கேட்டால் மனம் கோணாமல் கொடுங்கள். டர்போ விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. அவர் வர முடியாது என்றால், ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகும் ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. போனில் ஆப் போட்டு வீட்டுக்காரரோ பிள்ளையோ பக்கத்து சீட்டில் பிடித்துக்கொள்ளட்டும். ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கவே கூடாது. ஆப்பில் பதிவு செய்யும் வசதியை ஓடவிட்டு, வீட்டுக்கு வந்து நிதானமாகப் பாருங்கள்.

பார்க்க வேண்டிய அளவுகள் இவை. வத்தலக்குண்டில் இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால், மேனிஃபோல்டு அழுத்தம் (இன்ஜினுக்குள் போகும் டர்போ காற்றின் அழுத்தம்) வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும், அதாவது 100 கிலோபாஸ்கலை ஒட்டி. 120, 130 என்று காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது. கரி அப்பியிருக்கும், கழற்றித் துடைத்துப் பாருங்கள். ஏற்றத்தில் முழு ஆக்சிலரேட்டரில் இந்த எண் 200-ஐத் தாண்டுவது இயல்பு. பலம் போகும் நொடிக்கு முன்னால் அது எகிறிப் போயிருந்தால் தகடு சிக்கல். 140, 150-லேயே திணறிக்கொண்டிருந்தால் கசிவு அல்லது வேக்கம். ரயில் அழுத்தம் ஐடிலில், ‘பார்’ என்ற அழுத்த அளவில், 250 முதல் 350 பக்கம் நிற்கும், ஏற்றத்தில் ஆயிரத்தைத் தாண்டி ஓடும். பல ஆப்கள் இதையும் கிலோபாஸ்கலில்தான் காட்டும், ‘பார்’ கணக்குக்கு நூறால் வகுத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தம் நன்றாக இருக்க, ரயில் அழுத்தம் மட்டும் சரிந்தால் டீசல் பக்கம்தான் கோளாறு.

ஸ்கேனர் இல்லாமலேயே ஒரு சாட்சி உண்டு, புகை. பலம் போகும்போது பின்னால் பைக்கில் வருகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் அவர் பின்னால் அமர்ந்திருப்பவர் வீடியோ எடுக்கட்டும். கரும்புகை கொட்டினால் டீசல் வருகிறது, காற்று போதவில்லை. புகையே இல்லாமல் பலமும் இல்லை என்றால், டீசல் வரவில்லை அல்லது ஈசிஎம் வெட்டிவிட்டது. பல வருஷமாக இந்த வேலை செய்கிறேன், சைலன்சர் வாய் எனக்குப் பொய் சொன்னது மிகக் குறைவு.

மலையேறுவதற்கு முன்பே தரையில் செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. பானட்டைத் திறந்து, ஒருவர் ஸ்டார்ட் செய்யும்போது இன்னொருவர் டார்ச் அடித்து டர்போ ராடைப் பார்க்க வேண்டும். இன்ஜின் பிடித்ததும் ராடு ஒரே இழுப்பில் நகர வேண்டும், ஆஃப் செய்ததும் திரும்பி வர வேண்டும். நகரவே இல்லை என்றால் வேக்கம் வரவில்லை. விட்டு விட்டு நகர்ந்தாலோ பாதியில் நின்றாலோ தகடு பிடிக்கிறது. மெக்கானிக்கிடம் கை வேக்கம் பம்ப் இருந்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். ஹோஸைக் கழற்றி டப்பாவில் பம்பை மாட்டி மெதுவாக அடித்தால் ராடு தடங்கலில்லாமல் முழுத் தூரமும் போக வேண்டும், அடிப்பதை நிறுத்தியதும் பம்பின் முள் இறங்காமல் நிற்க வேண்டும். முள் இறங்கினால் டயஃப்ராம் ஓட்டை. இதைக் குளிர்ந்த வண்டியில் ஒரு தடவையும், நன்றாக ஓடிச் சூடான வண்டியில் ஒரு தடவையும் செய்யச் சொல்லுங்கள். குளிரில் வழுக்கிக்கொண்டு போகும் ராடு, சூட்டில் பிடிப்பது சகஜம்.

அந்த மெல்லிய வேக்கம் ஹோஸை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள், முக்கியமாகக் கீழ்ப்பக்கம். என்னிடம் வந்த ஒரு வண்டியில், வெளியே பார்த்தால் ஹோஸ் புதிது போலத்தான் இருந்தது. பிராக்கெட்டின் விளிம்பில் உரசி உரசி, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் நகம் அளவுக்குத் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. இன்ஜின் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் ஓட்டை திறக்கும். அந்த வண்டிக்காரர் ஏற்கனவே இன்ஜெக்டர் வேலைக்குப் பெருந்தொகை அழுதுவிட்டுத்தான் என்னிடம் வந்தார். ஒரு அடி ஹோஸ் மாற்றி அனுப்பினேன்.

டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் பெரிய ஹோஸ்களையும் இதேபோல் பாருங்கள். அவை ஐடிலில் கசியாது, அழுத்தம் ஏறினால்தான் பிளவு வாய் திறக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒரு தடவை மலையேறி இறங்கிய பின் பாருங்கள். புதிதாக எண்ணெய் ஈரம் படர்ந்த இடத்தில்தான் கசிவு. ஏற்றத்தில் உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டிருந்தால் இதன்மேல் சந்தேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கிளிப் தளர்ந்திருந்தால் முறுக்கினால் போதும்.

இன்ஜெக்டருக்கு வருகிறேன். காலையிலும், ஓடிச் சூடான பிறகும் வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறதா? சாலையோரம் ஆஃப் செய்து உடனே போட்டாலும் பிடிக்கிறது என்று உங்கள் கடிதமே சொல்கிறது. இன்ஜெக்டர் உள்ளுக்குள் கசிந்து டீசலைத் திருப்பி அனுப்பினால், சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், ஐடிலில் உதறும். உங்கள் வண்டியில் இரண்டும் இல்லை. நாலும் போய்விட்டது என்று சொன்னவர் ரிட்டர்ன் டெஸ்ட் எடுத்தாரா என்று கேளுங்கள். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் நாலு பாட்டிலை மாட்டி, ஓடவிட்டு, எதில் அதிகம் நிரம்புகிறது என்று பார்க்கும் எளிய சோதனை அது. அதைச் செய்யாமல் இன்ஜெக்டர் மேல் பழி போடுவதை நான் ஏற்கமாட்டேன். மாற்றிய டீசல் ஃபில்டர் மட்டும் ஒரிஜினல்தானா, குழாய் இணைப்பில் காற்று இழுக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். டீசலில் ஊற்றும் பாட்டில் மருந்துகள் டர்போ தகட்டுக்குப் போய்ச் சேராது, காசை மிச்சப்படுத்துங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய டீசல் வண்டிகளில் ஏர் லாக் (டீசல் குழாயில் சிக்கிய காற்று) எடுக்க, இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்துவார்கள். உங்களுடையது போன்ற, டீசல் ரயில் உள்ள காமன் ரயில் வண்டியில் அதைச் செய்ய யாரையும் விடாதீர்கள். ஆயிரம் பாரைத் தாண்டும் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும், விரலையே எடுக்கும்படி ஆகலாம்.

மற்றவை சுருக்கமாக. ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கினால் ஊருக்குள்ளேயே கரும்புகையும் மந்தமும் இருக்கும், உங்களுக்கு இல்லை. கிளட்ச் வழுக்கினால் முள் ஏறும், வண்டி ஏறாது; உங்களுக்கு முள்ளே ஏறவில்லை. மழைக்காலத்தில் தொடங்கியது என்பதால் எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள், சொலினாய்டு கனெக்டரைக் கழற்றி உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். யூடியூப்பில் டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைப்பு என்று நிறைய வருகிறது, அந்த ஃபில்டர் நம் நாட்டில் பரவலாக வந்தது பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல்களோடு. உங்கள் வண்டிக்கு அந்தப் பயம் வேண்டாம்.

தகடு சிக்கல்தான் என்று உறுதியானாலும் முழு டர்போ வாங்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. டர்போவை இறக்கி, பிரித்து, தகடுகளையும் அவை ஓடும் வளையத்தையும் கரி நீக்கிச் சுத்தம் செய்தால் போதும். டர்போ மட்டுமே பார்க்கும் கடைகள் மதுரையில் உண்டு, அங்கே கொடுங்கள். இறக்கியதும் டர்போ சக்கரத்தின் ஷாஃப்ட்டை உங்கள் கண் முன்னால் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆட்டம் இருந்தாலோ, இறக்கைகள் உறையில் உரசிய தடம் இருந்தாலோ அது மாற்ற வேண்டிய டர்போதான், அப்போது தயங்காதீர்கள். ராடில் இருக்கும் நட்டைத் திருகி பிக்கப் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கையைத் தட்டிவிடுங்கள், உங்கள் பழுதே அழுத்தம் மீறுவதாக இருந்தால் அது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது. மறுபடி மாட்டும்போது டர்போவுக்கு எண்ணெய் போகும் சின்னக் குழாயைச் சுத்தம் செய்தே மாட்ட வேண்டும், புதிய கேஸ்கெட், புதிய இன்ஜின் ஆயிலோடு. இந்தக் குழாய் அடைத்திருந்தால் புது டர்போகூடச் சீக்கிரமே போய்விடும்.

பழுது சரியாகும்வரை மலையில் ஓட்டும் முறை பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பலம் போனதும் வளைவில் நிறுத்தாதீர்கள். ஹசார்டு விளக்கைப் போட்டு, கியரைக் குறைத்து, இருக்கிற பலத்திலேயே அகலமான இடம் வரும்வரை ஊர்ந்து போங்கள். நின்றதும் உடனே சாவியை ஆஃப் செய்யாதீர்கள், ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். பழுக்கச் சூடான டர்போவுக்கு எண்ணெய் ஓட்டம் திடீரென்று நின்றால், உள்ளே நிற்கும் எண்ணெய் அங்கேயே கருகும். ஓடும்போதே சாவியை ஆஃப் செய்து போடும் வித்தையைச் சிலர் சொல்லித் தருவார்கள். அதை ஒருபோதும் செய்யாதீர்கள் டீச்சர். இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் போய்விடும், பிரேக்குக்கும் உதவி கிடைக்காமல் கல்லாகிவிடும், சாவி தவறிக் கடைசிவரை திரும்பினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளக்கூடும். பின் சீட்டில் அம்மா இருப்பார்கள்.

முதலில் கோடு, பிறகு ராடும் ஹோஸும், அதன்பின் ஸ்கேனரோடு ஒரு மலையேற்றம். அழிப்பதற்கு முன் எடுத்த கோடு படத்தையும், பலம் போன நிமிடத்தின் அந்த இரண்டு அளவுகளையும், புகை நிறத்தையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். எதற்குக் காசு செலவழிக்கலாம் என்று அப்போது தெளிவாகச் சொல்கிறேன்.